குரூப் முதலில், சைட் பிறகு: காம்பவுண்ட் வில் பழகுவோருக்கு

காம்பவுண்ட் வில்லைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் அதிகம் தொடுவது குறிபார்க்கும் கருவியான சைட்டின் திருகைத்தான். ஓர் அம்பு இடப்பக்கம் போனால் இரண்டு கிளிக், அடுத்தது மேலே ஏறினால் மூன்று கிளிக் என்று திருகிக்கொண்டே இருப்பார்கள். அரை மணி நேரம் கழிந்ததும் சைட் முதலில் எங்கே நின்றது என்பதே தெரியாமல் போய்விடும். அம்புகள் மட்டும் அப்போதும் சிதறியபடியே இருக்கும்.

சைட்டால் செய்ய முடிந்தது ஒரே வேலை. ஆறு அம்புகள் சேர்ந்து விழும் கூட்டத்தை, அதாவது குரூப்பை, இலக்கின் நடுவுக்கு நகர்த்தித் தரும். அந்தக் கூட்டம் தட்டளவு இருக்குமா, ஐந்து ரூபாய்க் காசளவு இருக்குமா என்பது உங்கள் நிற்பிலும் பிடியிலும் இழுப்பிலும் விடுப்பிலும் இருக்கிறது. அதனால் உடலைச் சரிசெய்துவிட்டுத்தான் சைட்டுக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது. வலக்கையால் நாண் இழுப்பவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

காம்பவுண்ட் வில்லின் இரு முனைகளிலும் கேம் எனப்படும் சக்கரங்கள் உண்டு. நாணை இழுக்கும்போது நடுவழியில் இழுப்பின் எடை உச்சத்துக்குப் போகும். கேம் உருண்டு முடிந்ததும் பெரும்பகுதி எடை கழன்றுவிடும். இதைத்தான் லெட்-ஆஃப் என்கிறோம். 60 பவுண்டு வில்லில் லெட்-ஆஃப் 75 சதவீதம் என்றால், முழுதாக இழுத்து நிற்கும்போது கையில் இருப்பது 15 பவுண்டு மட்டுமே. நின்று நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைப்பது இதனால்தான். நாணை இனி இழுக்க முடியாது என்று கேம் தடுத்து நிற்கும் இடத்துக்கு வால் (wall, சுவர்) என்று பெயர். இந்தச் சொல் பின்னால் பலமுறை வரும்.

இரண்டாவது வசதி பீப். நாணின் இழைகளுக்கு நடுவே பொருத்திய சின்ன வளையம் அது. அதன் வழியாகப் பார்த்து, முன்னால் சைட்டில் இருக்கும் லென்ஸ் வளையமான ஸ்கோப்பின் புள்ளியை இலக்கில் வைக்கிறோம். துப்பாக்கியின் பின் குறிமுனை செய்யும் வேலையை இங்கே பீப் செய்கிறது. ஆனால் அது நாணோடு சேர்ந்து வந்து உங்கள் முகத்தருகே நிற்கிறது. முகம் நகர்ந்தால் பின் குறிமுனையே நகர்ந்த மாதிரிதான்.

எவ்வளவு நகர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பீப்பிலிருந்து ஸ்கோப் வரை சுமார் 85 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 50 மீட்டரில் இருந்தால், இங்கே 1 மி.மீ. பிசகு அங்கே கிட்டத்தட்ட 6 செ.மீ. ஆகிவிடும். 18 மீட்டரில் அதே 1 மி.மீ. சுமார் 2 செ.மீ. காம்பவுண்ட் பிரிவின் வெளியரங்கப் போட்டித் தூரம் 50 மீட்டர், இலக்குத் தாள் 80 செ.மீ., அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. ஆக, நடுப்புள்ளியிலிருந்து 4 செ.மீ. விலகினாலே கோட்டுக்கு வந்துவிடுவீர்கள். 2023 பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் ஓஜஸ் தேவ்தலே 15 அம்புகளில் 150 புள்ளி எடுத்தார். பதினைந்தும் அந்த வட்டத்துக்குள். ஒவ்வொரு அம்பிலும் முகமும் பிடியும் தோளும் மில்லிமீட்டர் கணக்கில் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் இது முடியும். சைட் திருகும் அதே அளவில்தான் வேலை செய்கிறது என்பதால், உடல் தடுமாறும்போது திருகைத் தொடுவது ஒரு பிழையின் மேல் இன்னொன்றை ஏற்றுவதாகிவிடும்.

வில் உங்கள் அளவுக்கு இருக்கிறதா?

முதலில் இழுநீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னே இழுக்கிறீர்கள் என்பது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். 70 அங்குலம் என்றால் 28. இது தொடக்கக் கணக்குதான். கடைசி முடிவை முழு இழுப்பில் உடலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பெரும்பாலான புதியவர்களிடம் நாங்கள் பார்ப்பது இழுநீளம் கூடிய வில். அப்போது தலை பின்னால் சாயும், இடுப்பு முன்னே தள்ளும், இடது முழங்கை பூட்டிக்கொள்ளும், நாண் முன்கையில் அடிக்கும். நீளம் குறைந்திருந்தால் இடது முழங்கை நன்றாக மடங்கியே நிற்கும், வலது முழங்கை அம்பின் கோட்டுக்குப் பின்னால் போய்ச் சேராது. முதுகைப் பயன்படுத்தவே வழி இருக்காது. சரியான நீளத்தில் தலை நிமிர்ந்திருக்கும். நாண் தானாக வந்து மூக்கு நுனியைத் தொடும். பக்கத்திலிருந்து யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், கண்ணாடியைவிட அது உண்மையைச் சொல்லும். நீளத்தை மாற்றுவது கேமில் பொருத்தியிருக்கும் மாட்யூல் என்ற துண்டில். அரை அங்குலத்துக்கும் குறைவான திருத்தத்தை, நாணில் கட்டிய சின்னக் கயிற்று வளையமான டி-லூப்பின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தும் செய்யலாம்.

அடுத்து எடை. போட்டியில் அனுமதிக்கப்படும் உச்சம் 60 பவுண்டு. அதற்காகத் தொடக்கத்திலேயே அங்கே போக வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு 30 முதல் 40 பவுண்டு தாராளம். ஒரு சோதனை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, அம்பு பூட்டி, இலக்கை நோக்கியபடியே நாணை இழுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்காமல் இழுக்க முடியாவிட்டால் எடை அதிகம். தூக்கி இழுக்கும் பழக்கம் தோளைக் கெடுக்கும். அந்த நேரத்தில் ரிலீஸ் (நாணைப் பிடித்து இழுத்து விடும் கைக்கருவி) தவறி அவிழ்ந்தால் அம்பு இலக்குப் பலகையைத் தாண்டி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. எடையைக் குறைக்கும்போது மேல், கீழ் லிம்ப் (வில்லின் வளையும் கை) போல்ட்டுகளை ஒரே அளவு சுற்றுங்கள். எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்பது வில்லோடு வந்த கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டவே கூடாது.

அம்பு பூட்டாமல் நாணை விடவும் கூடாது. அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்பிலும் கேமிலும் இறங்கி, வில் கையிலேயே உடையலாம். அளவுக்கு மீறி எடை குறைந்த அம்பும் ஏறக்குறைய இதே கேட்டைச் செய்யும். இழுப்பு எடையில் ஒரு பவுண்டுக்கு 5 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு) என்பது பலரும் வைத்திருக்கும் அடி எல்லை. 40 பவுண்டு வில்லுக்கு அம்பு குறைந்தது 200 கிரெயின்.

இடது கை

பாதங்கள் தோள் அகலத்தில், இரு காலிலும் எடை சமமாக. நிற்பைப் பற்றி இதற்கு மேல் கவலைப்படத் தேவையில்லை. பிடியைப் பற்றித்தான் நிறையக் கவலைப்பட வேண்டும்.

உள்ளங்கையைத் திறந்து பாருங்கள். ஆயுள் ரேகைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே உள்ள சதைமேட்டில் மட்டும் வில்லின் கைப்பிடி அழுந்த வேண்டும். ரேகையைத் தாண்டிச் சுண்டுவிரல் பக்கம் பிடி பரவினால், கை வில்லைத் திருக ஆரம்பித்துவிடும். விரல்களின் அடிக்கணுக்கள் செங்குத்தாக இல்லாமல் ஏறக்குறைய 45 பாகையில் சாய்ந்து நிற்க வேண்டும். விரல்கள் தளர்ந்து தொங்கட்டும். வில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் எல்லோரும் இறுக்குகிறார்கள். வில்லைக் கையோடு பிணைக்கும் விரல் ஸ்லிங்கோ மணிக்கட்டு ஸ்லிங்கோ போட்டுக்கொண்டால் அந்தப் பயம் போய்விடும். விட்ட கணத்தில் விரல்கள் சட்டென்று மூடிக்கொள்கின்றன என்றால் அம்பு போவதற்கு முன்பே அவை மூடத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள். இலக்கில் அது இடவலச் சிதறலாகத் தெரியும்.

இடது தோள் காதை நோக்கி ஏறாமல் தாழ்ந்தே இருக்க வேண்டும். இழுக்கத் தொடங்கும் முன்பே தாழ்த்திவிடுங்கள். எடை ஏறிய பிறகு தாழ்த்துவது கடினம்.

ஆங்கரும் பீப்பும்

முழு இழுப்பில் வலது கை முகத்தில் வந்து அமரும் இடம் ஆங்கர். ரிலீஸைப் பொறுத்து இடம் சற்று மாறும். கட்டைவிரல் ரிலீஸ் என்றால் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் தாடை எலும்பு உட்காரும்படி வைப்பது வழக்கம். எலும்பின் மேல் எலும்பு உட்கார வேண்டும். கன்னச் சதையில் ஆங்கர் வைத்தால் அது ஒவ்வொரு நாளும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். கை தாடையில், நாண் மூக்கு நுனியில், பீப் கண்ணுக்கு நேரே என்று மூன்று அடையாளமும் ஒரே நேரத்தில் கூட வேண்டும். நாணை முகத்தில் அழுத்தாதீர்கள், உரசினால் போதும். அழுத்தம் மாறினால் அம்பு பக்கவாட்டில் ஓடும்.

பீப்பின் உயரத்தை வைக்கும்போது நடக்கும் தவறு ஒன்றுண்டு. பீப் இருக்கும் இடத்துக்குத் தலையைக் கொண்டுபோகிறார்கள். தலைக்குத்தான் பீப் வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இழுங்கள். ஆங்கர் வசதியாக அமர்ந்ததும் கண்ணைத் திறங்கள். பீப்புக்குள் ஸ்கோப் முழுதாகத் தெரிந்தால் சரி. குனிந்தாலோ நிமிர்ந்தாலோதான் தெரிகிறது என்றால், வில்லைப் பிரஸ்ஸில் (நாணைத் தளர்த்த வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி) வைத்து பீப்பை 2 அல்லது 3 மி.மீ. நகர்த்தி மறுபடி பாருங்கள். எந்தத் தூரத்தில் அதிகம் எய்கிறீர்களோ அந்தத் தூரத்தில் சைட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். சைட் ஏறி இறங்கினால் கையும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. உயரம் திருப்தியானதும் பீப்பின் மேலும் கீழும் சர்விங் நூலால் இறுக்கிக் கட்டி, இழுக்கும்போது அது சுழலாமல் கண்ணுக்கு நேராக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குறிபார்க்கும்போது பீப்பின் வட்டத்துக்குள் ஸ்கோப்பின் வட்டம், சுற்றிலும் மெல்லிய வெளிச்ச விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். பீப்பின் துளை பெரிதாக இருந்தால் இந்த விளிம்பு அகன்று, நடுவைக் கணிக்க முடியாமல் போகும். ஸ்கோப் லென்ஸைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் 4 மடங்குக்கு மேல் வேண்டாம். பெரிதாக்கும் லென்ஸ் உங்கள் கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும், அதைக் கண்டு மனம் பதறும்.

விடுவது

ஸ்கோப்பின் புள்ளி இலக்கில் அசையாமல் நிற்கவே நிற்காது. தேர்ந்தவர்களுக்கும் அது மெல்ல மிதக்கும். புள்ளி நடுவைக் கடக்கும் அந்த நொடியில் பிடித்துவிட வேண்டும் என்று ரிலீஸின் பட்டனைத் தட்டுவதுதான் காம்பவுண்டில் பலரைப் பிடித்துக்கொள்ளும் பெரிய நோய். தட்டும்போது கை முழுவதும் அசைகிறது. நாளாக நாளாக, புள்ளி நடுவுக்கு வந்தாலே விரல் துடிக்கும் நிலைக்கு அது கொண்டுபோய் விட்டுவிடும். அதிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆகலாம்.

மாற்று வழி: வாலைத் தொட்டதும் இழுப்பதை நிறுத்தாமல், வலது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வது போல முதுகால் மெதுவாக இழுத்துக்கொண்டே இருங்கள். கட்டைவிரலின் நுனியை வைக்காமல் முதல் மடிப்பு வரை பட்டனைச் சுற்றி வையுங்கள். முதுகு இறுக இறுக அந்த அழுத்தமே பட்டனை விடுவிக்கும். எப்போது விடும் என்பது உங்களுக்கே துல்லியமாகத் தெரியக் கூடாது. கண் இலக்கில் மட்டும் இருக்கட்டும். அம்பு தைக்கும் சத்தம் கேட்கும் வரை இடது கை தாழக் கூடாது.

இதைப் பழக வில்கூடத் தேவையில்லை. இழுத்துப் பிடித்தால் உங்கள் இழுநீளத்துக்கு வரும்படி கயிற்றை வளையமாகக் கட்டி, ஒரு பக்கம் இடது கையிலும் மறுபக்கம் ரிலீஸிலும் மாட்டி, வீட்டிலேயே ஆங்கர் வைத்து விட்டுப் பழகலாம். பிறகு வில்லோடு 3 மீட்டர் தூரத்தில், இலக்குத் தாள் இல்லாத வெற்றுப் பலகையில் எய்யுங்கள். புள்ளி எங்கே என்ற கவலை போனால்தான் முதுகு என்ன செய்கிறது என்பது புரியும். ஆங்கர் வைத்து 8 அல்லது 10 நொடிக்குள் அம்பு போகவில்லை என்றால் நாணை மெதுவாகத் திரும்ப விட்டுவிடுங்கள். இருவர் மாறி மாறி எய்யும் தனிநபர் போட்டியில் அம்புக்கு 20 நொடி உண்டு, இறக்கிவிட்டு மறுபடி இழுக்க அது பெரும்பாலும் போதும்.

இனி சைட்

10 மீட்டரில் ஆறு அம்பும் ஓர் உள்ளங்கைக்குள் விழத் தொடங்கியதும் சைட்டுக்கு வாருங்கள். எய்வதற்கு முன்பு மேசை வேலை கொஞ்சம் இருக்கிறது.

வில்லை ஒரு வைஸில் பிடித்து, நாண் தூக்குக்குண்டு நூலோடு ஒத்துப்போகும்படி நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டே போதும். இப்போது சைட்டின் செங்குத்துப் பட்டை நாணுக்கு இணையாக இருக்க வேண்டும். இது முதல் அச்சு. இது சாய்ந்திருந்தால், தூரத்துக்கேற்ப சைட்டை இறக்கும்போதெல்லாம் புள்ளி பக்கவாட்டிலும் நகரும். 18 மீட்டரில் நடுவில் விழுந்தது 50-இல் ஓரத்துக்குப் போகும். அடுத்து, வில் நேராக நிற்கும் இதே நிலையில் ஸ்கோப்பில் உள்ள ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். இது இரண்டாம் அச்சு. மூன்றாம் அச்சு, வில்லை மேலே அல்லது கீழே சாய்த்துக் குறிபார்க்கும்போதும் குமிழ் உண்மையைச் சொல்கிறதா என்பது. சமதரையில் மட்டும் எய்பவருக்கு இது அவசரமில்லை, மேடு பள்ளத்தில் எய்யும் ஃபீல்டு போட்டிக்குக் கட்டாயம்.

குமிழை ஏன் இவ்வளவு பார்க்கிறோம்? நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 50 மீட்டர் போவதற்குள் ஒன்றே முக்கால் மீட்டர் அளவுக்குப் புவியீர்ப்பால் இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் வில்லைச் சற்று ஏந்திப் பிடிக்கிறோம். வில் ஒரே ஒரு பாகை வலப்பக்கம் சாய்ந்தால், அந்த ஏந்தலில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பி, அம்பு சுமார் 3 செ.மீ. வலப்பக்கம் போய்விடும். பத்தின் பாதி வட்டத்தில் முக்கால்வாசி அதிலேயே போயிற்று.

திருகு எந்தப் பக்கம் என்பதற்கு ஒரே விதி: அம்பு போன பக்கம் புள்ளியை நகர்த்துங்கள். அம்புகள் வலப்பக்கம் விழுந்தால் புள்ளியை வலப்பக்கம், மேலே விழுந்தால் மேலே. புள்ளியை வலப்பக்கம் நகர்த்திவிட்டால், அதை நடுவில் வைப்பதற்கு நீங்கள் வில்லை இடப்பக்கம் திருப்பியாக வேண்டும். அம்பும் அங்கே போகும்.

குரூப்பின் நடுவைத்தான் அளக்க வேண்டும். கை தவறியது என்று விடும்போதே தெரிந்த அம்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 18 மீட்டரில் குரூப்பின் நடு 6 செ.மீ. வலப்பக்கம் இருந்தால், முன் சொன்ன கணக்குப்படி புள்ளி 3 மி.மீ. வலப்பக்கம் போக வேண்டும். 50 மீட்டரில் 9 செ.மீ. கீழே என்றால் ஒன்றரை மி.மீ. கீழே. உங்கள் சைட்டில் ஒரு கிளிக் எத்தனை மி.மீ. என்று ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டால், ஒவ்வொரு கிளிக்காகத் தேடும் வேலை இல்லை. 10, 18, 30, 50 என்று படிப்படியாகப் போங்கள். நேரே 50-க்குப் போனால் அம்புகளைத் தேடுவதிலேயே மாலை போய்விடும். தூரம் கூடக் கூட அடையாளங்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் கூடும். 30-க்கும் 50-க்கும் நடுப்புள்ளியை எடுத்து அதை 40 என்று குறித்துவிடாதீர்கள்.

தூரம் மாறும்போது குரூப் ஒரு பக்கமாக ஒதுங்கினால் குற்றம் சைட்டிலா, அம்பு கிடக்கும் ரெஸ்ட்டிலா என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. பலகையின் மேலே ஒரு புள்ளி ஒட்டி, அதிலிருந்து நூல் தொங்கவிடுங்கள். சைட்டை 10 மீட்டருக்கு வைத்து, அதைத் தொடாமல் 10, 20, 30 மீட்டரில் நின்று அதே புள்ளியைக் குறிபார்த்து எய்யுங்கள். அம்புகள் கீழே கீழே இறங்கும், அது இயல்பு. நூலை ஒட்டி இறங்கினால் ரெஸ்ட் சரி. இடப்பக்கம் சரிந்துகொண்டே போனால் ரெஸ்ட்டை அரை மி.மீ. வலப்பக்கம் நகர்த்தி மறுபடி பாருங்கள். நூலை ஒட்டியே இறங்குகின்றன, ஆனால் சைட்டை இறக்கி எய்தால் மட்டும் ஒதுங்குகிறது என்றால் முதல் அச்சைப் போய்ப் பாருங்கள்.

சிதறலைப் படிப்பது

மேலும் கீழுமாக நீண்ட குரூப் என்றால் வாலை விட்டு நாண் முன்னே நழுவுகிறது, அல்லது ஆங்கரின் உயரம் மாறுகிறது, அல்லது விட்டதும் இடது கை தாழ்கிறது. பக்கவாட்டில் அகன்றால் பிடியின் திருகல், முகத்தில் நாணின் அழுத்தம், குமிழைப் பார்க்காமல் விட்டது. அம்புகளுக்கு எண் போட்டுவையுங்கள். எந்தச் சுற்றிலும் 4-ஆம் எண் அம்பு மட்டும் வெளியே போகிறது என்றால் உங்கள் மேல் தப்பில்லை. அதன் நாக்கை (nock, அம்பை நாணில் மாட்டும் பின்முனைத் துண்டு) மாற்றுங்கள், இறகைப் பாருங்கள். கார்பன் தண்டைக் காதருகே வைத்து இலேசாக வளைத்துக் கேளுங்கள். விரிசல் சத்தம் கேட்டால் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள், இன்னொரு முறை நாணில் பூட்டாதீர்கள்.

நன்றாக எய்துகொண்டிருந்த வில் ஒருநாள் திடீரென்று எல்லா அம்பையும் ஒரே பக்கம் போட்டால் சைட்டைத் தொடுவதற்கு முன் வில்லைப் பாருங்கள். வெயிலில் நின்ற காருக்குள் வைத்திருந்த வில்லில் நாண் நீண்டு, பீப் சுழன்று, இரு கேம்களும் ஒன்றாக உருளும் நேரம் பிசகியிருக்கும். எல்லாம் சரியாக இருக்கும் நாளிலேயே நாக்கிங் பாயிண்டிலிருந்து (நாணில் அம்பு மாட்டும் இடம்) பீப் வரை எத்தனை மி.மீ., கேமில் உள்ள குறிக்கோடு கேபிளுக்கு எங்கே நிற்கிறது, லிம்ப் போல்ட் எத்தனை சுற்று, ஒவ்வொரு தூரத்துக்கும் சைட் எண் என்ன என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வில் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். பென்சிலால் எழுதாதீர்கள், வியர்வைக் கை பட்டு அழிந்துவிடும்.